எண்பத்தைந்துக்குக் கீழே

கமலக்கண்ணனைக் குடிகாரன் என்று சொன்னால் ஆரணியில் அவனைத் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். மாதத்தில் இருபத்தொன்பது நாள் டீக்கடையைத் தவிர வேறு கடையை எட்டிப் பார்க்காதவன் அவன். முப்பதாவது நாள் அமாவாசை. அமாவாசையன்று ஊரில் தறி ஓடாது. நெசவுக்காரனுக்கு அதுதான் ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் நண்பன் ஜெயவேலின் ஷெட்டில் உட்கார்ந்து ஒரு குவாட்டர். அதற்குமேல் ஒரு சொட்டு கிடையாது. அளவோடு நிறுத்தத் தெரிந்தவனுக்கு அது மருந்து என்பது அவன் கட்சி. அந்தக் கட்சியில் பெரிய பிழையொன்றும் இல்லை, அவனுடைய வயிறும் அதில் உறுப்பினராகச் சேராமல் இருந்திருந்தால்.

வயது நாற்பத்தாறு. உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். எடை தொண்ணூற்றிரண்டு. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால், நெய்த துணியைச் சுருட்டுகிற கட்டை அவன் தொப்பையில் வந்து முட்டும். வேர்வை பட்டுப் புடவையில் கறை விழுந்துவிடக் கூடாதே என்று இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டுதான் நெய்வான். நாளெல்லாம் கைக்கும் காலுக்கும் வேலை. நடுவில் இருக்கிறதுக்கு மட்டும் வேலையே இல்லை. "இன்னும் ரெண்டு விரக்கடை வளந்துதுன்னா தறிய வாசல்ல போட்டுட்டு நீங்க உள்ள உக்காந்து நெய்யணும்" என்று அவன் மனைவி திலகவதி கேலி செய்வாள். அது அவள் கேலி செய்கிற நிலையில் இருந்த காலம்.

மூன்று வருடமாகத் திலகவதிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். அந்த நாட்களில் அவளைப் பார்த்தால், துவைத்துப் பிழிந்து கொடியில் போட்ட துணி ஞாபகம் வரும். ஊசியைக் கூடப் பழகிக்கொண்டாள். பழகாதது தாகம்தான். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், அவ்வளவுதான். டீ, ரசம், மோர், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அந்த முக்கால் லிட்டருக்குள் அடக்கம். காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைத்துக்கொண்டு, வாய் வறளும்போது ஒரு மடக்கு, நாக்கு ஒட்டும்போது ஒரு மடக்கு என்று பொழுதைத் தள்ளுவாள். வெயில் காலத்தில் ஒரு சின்ன ஐஸ் துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். அது கரைகிறவரைக்கும் யார் கூப்பிட்டாலும் பதில் வராது.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாம் என்றார்கள். யார் கொடுப்பது? அவளுடைய அண்ணனுக்குச் சர்க்கரை. மகள் காவ்யா கல்லூரியில் படிக்கிறாள். "நான் தரேம்மா" என்று வந்து நின்றாள். பெற்றவர்கள் இருவரும் ஒரே குரலில் அவளை அடக்கிவிட்டார்கள். மிச்சம் கமலக்கண்ணன். ரத்தம் ஒத்துப்போயிற்று; முதல் சோதனையில் சிறுநீரகமும் நன்றாக இருந்தது. "நான் குடுக்குறேன்" என்று அவன் சொன்னபோது அதில் யோசனை, தயக்கம் எதுவும் இருக்கவில்லை. அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது.

டாக்டர் அவனை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்த வெயிட்ல உங்கள ஆபரேஷனுக்கு எடுக்க முடியாது. எண்பத்தைந்துக்குக் கீழ வாங்க. மத்த டெஸ்ட்டெல்லாம் அப்புறம். குடிப்பீங்களா?"

"எப்பவாச்சும் சார். மாசத்துக்கு ஒருவாட்டி."

"அந்த எப்பவாச்சும்கிறதையும் விடுங்க. ஒரு குவாட்டர்ல ஒரு வேளை சாப்பாடு இருக்கு. கூடவே தட்டுல வர்றது வேற."

"இன்னியோட விட்டேன் சார்" என்றான் கமலக்கண்ணன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த திலகவதி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக அவன் அப்போது எதை வேண்டுமானாலும் விட்டிருப்பான். தை அமாவாசை முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அடுத்ததற்கு இன்னும் நாள் இருந்தது.

மறுநாளே ஆரம்பித்துவிட்டான். விடியற்காலையில் எழுந்து ஆற்றங்கரை வரைக்கும் நடை. ராத்திரிச் சோறு போய்க் கோதுமை ரவை வந்தது. திலகவதி, தான் தொடக் கூடாத காய்களையெல்லாம் அவனுக்காக நறுக்கிப் பொரியல் செய்தாள். நடந்துவிட்டு வரும்போது மருந்துக்கடை வாசலில் இருக்கிற மெஷினில் ஏறி, எண்ணைப் பார்த்துவிட்டு வந்து அவளிடம் சொல்வான். அவள் அதைக் காலண்டரில் எழுதுவாள். ஒரே மாதத்தில் மூன்று கிலோ இறங்கியது. "என் வூட்டுக்காரர் எனக்காகக் குடியவே விட்டுட்டாரு" என்று தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொன்னாள்.

மாசி அமாவாசை வந்தது.

அன்று காலை குளித்து, அப்பாவுக்குப் படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்து, எல்லாம் முறையாகச் செய்தான். தறி ஓயாமல் அடிக்கிற தெருவில் சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாத சாயங்காலம் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கெடுக்கும். "நடந்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டான். பொய்யில்லை, நடந்துதான் போனான். ஜெயவேலின் ஷெட் இரண்டு கிலோமீட்டர்.

ஜெயவேல் அவனோடு சின்ன வயதிலிருந்து தறியில் உட்கார்ந்தவன். இப்போது பட்டு நூல் முறுக்குகிற மெஷின் நான்கு போட்டிருக்கிறான். "இன்னா மாமா, ஒரு மாசமா மூஞ்சி செத்துக் கீது? வா, குந்து" என்றான்.

"எனக்கு வேணாம் ஜெயவேலு. டாக்டர் வேணாம்னுட்டாரு."

"தெனமுமா குடிக்கப் போற? பத்தியம் இருக்கிறவனுக்கு ஒரு நாளு லீவு வேணாமா? தறிக்கே லீவு கீது."

கமலக்கண்ணன் உட்கார்ந்து டம்ளரை வாங்கிக்கொண்டான். உண்மையைச் சொன்னால், இந்த வாதத்தைக் கேட்கத்தான் அவன் வந்திருந்தான். முதல் மடக்கு தொண்டையில் இறங்கியபோது, மாதம் முழுக்கத் தறிக்குழியில் தொங்கிக் கிடந்த கால்கள் இரண்டும் திரும்ப அவனுக்குச் சொந்தமாயின. மூன்று வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஆஸ்பத்திரி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. ஜெயவேல் சொன்ன பழைய கதைக்கெல்லாம் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அமாவாசை என்பதால் கறி, முட்டை எதையும் தொடவில்லை. அதில் அவன் கண்டிப்பானவன். காலிஃபிளவர் சில்லி இரண்டு தட்டும், வெங்காயப் பக்கோடாவும், கடைசியில் நாலு பரோட்டாவும் சாப்பிட்டான். கிராம்பை மென்றுகொண்டு திரும்பவும் இரண்டு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வந்தான்.

நாலு நாளில் மெஷின் ஒன்றரைக் கிலோ ஏற்றிக் காட்டியது. அந்த எண்ணை அவன் வீட்டில் சொல்லவில்லை. பழைய எண்ணையே சொன்னான். ஒரு பொய் சொன்னால் அதைக் காப்பாற்ற ஒன்பது பொய் சொல்ல வேண்டும் என்பார்கள். கமலக்கண்ணன் பொய்யைக் காப்பாற்ற நடையைக் கூட்டினான். பங்குனியிலும் இதே கதை. மூன்று இறங்கும், ஒன்றரை ஏறும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அதற்கு நடுவில் இரண்டு வேளையும் பட்டினி மாதிரிக் கிடந்தவன் அவன்தான் என்பதையும் சொல்ல வேண்டும். இருபத்தொன்பது நாள் அவன் பட்ட பாடு நிஜம்.

ஆஸ்பத்திரியில் சித்திரை அமாவாசைக்கு அடுத்த மூன்றாம் நாள் வரச் சொல்லியிருந்தார்கள். எடை சரியாக இருந்தால் அன்றே எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிடலாம் என்று சொல்லி, திலகவதி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அமாவாசைக்கு முந்தின நாள் எண்பத்தாறு. இன்னும் கொஞ்சம்தான். இந்த ஒரு மாதம் ஷெட் பக்கம் போவதில்லை என்று அவன் முடிவு செய்திருந்தான். ஜெயவேல் போன் செய்தான். "ஆபரேஷன் ஆச்சின்னா அப்புறம் ஜென்மத்துக்கும் கிடையாது மாமா. கடைசியா ஒருவாட்டி. அதோட முடிஞ்சிது." கடைசி என்ற வார்த்தைக்கு இருக்கிற ருசி வேறு எதற்கும் இல்லை. அன்று அவன் ஒன்றோடு நிறுத்தவில்லை.

மறுநாள் காலை மெஷின் எண்பத்தேழரை காட்டியது. இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினான். எண்பத்தேழேகால். இரண்டே நாள்தான் இருந்தது. அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது அவனுக்கு.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பட்டு நெய்கிறவனுக்குத்தான் வரும் இந்த யோசனை. பட்டு ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி மழையில் நூலை நிறுத்தால் ஒரு எடை, அதையே நல்ல வெயிலில் காய வைத்து நிறுத்தால் வேறு எடை. நூல் அப்படியேதான் இருக்கும். போனது ஈரம் மட்டும். முப்பது வருடமாக நூலை எடை போட்டு வாங்கி, புடவையை எடை போட்டுக் கொடுக்கிறவனுக்கு இது மூச்சு விடுகிற மாதிரித் தெரிந்த விஷயம். உடம்பு மட்டும் என்ன, வேறு நியாயமா பேசப் போகிறது? உடம்பில் பாதிக்குமேல் தண்ணீர்தான் என்று காவ்யாவே ஒருநாள் படித்துச் சொன்னாள். இரண்டரைக் கிலோ ஈரத்தை இறக்கிவிட்டால் தீர்ந்தது.

இரண்டு நாள் அவன் தண்ணீர் குடிக்கவில்லை. "டெஸ்ட்டுக்கு வயித்தக் காலியா வெச்சிகினா நல்லதாம்" என்று திலகவதியிடம் சொல்லி, வேளைக்கு ஒரு இட்லியோடு நிறுத்தினான். சித்திரை வெயிலில், மத்தியானம் இரண்டு மணிக்கு, சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு நடந்தான். வாய் பசை போல ஒட்டியது. திலகவதி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டும்போதெல்லாம் வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய், தொட்டியில் ஊற்றிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். முக்கால் லிட்டரில் நாளை ஓட்டுகிறவள் கையால் கொடுத்த தண்ணீர் அது. ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றினான்.

ஆஸ்பத்திரி மெஷினில் எண்பத்து நாலு புள்ளி ஆறு.

திலகவதி அத்தனை பேர் நடுவில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் வெளியிடத்தில் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. ரத்தம் எடுத்தார்கள். சிறுநீர் கேட்டார்கள், வந்தது கொஞ்சம், அதுவும் கடுந்தேநீர் நிறத்தில். பிறகு ஆலோசகர் என்று ஒரு அம்மாள் அவனை மட்டும் ஒரு அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். திலகவதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"யாராச்சும் கட்டாயப்படுத்தி வந்தீங்களா?"

"இல்லீங்க."

"பயமா இருக்கா?"

இருந்தது. கத்தி என்றால் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். "இல்லீங்க" என்றான்.

"வேணாம்னு தோணுச்சின்னா எங்கிட்ட சொல்லலாம். வீட்ல காரணம் சொல்ல மாட்டோம். டெஸ்ட் ஒத்து வரலன்னு மட்டும் சொல்லுவோம். உங்க பேரு கெடாது."

"அதெல்லாம் வேணாங்க. நான் மனசாரத்தான் குடுக்குறேன்" என்றான். அது சத்தியமான வார்த்தை.

மூன்று மணிக்கு டாக்டர் இருவரையும் கூப்பிட்டார். ரிப்போர்ட்டை இரண்டு தடவை புரட்டினார். "போன தடவ உங்க கிட்னி நல்லா வேலை செஞ்சுது. இன்னிக்கு உப்பு அளவெல்லாம் ஏறி இருக்கு. ஏதாவது வலி மாத்திரை சாப்புட்டீங்களா?"

"இல்ல சார்."

"ரெண்டு நாளா தண்ணி ஒழுங்கா குடிச்சீங்களா?"

இங்கே ஒரு 'இல்லை' போதும். அதைச் சொல்லியிருந்தால், ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று டாக்டர் அனுப்பியிருப்பார். பக்கத்தில் திலகவதி இருந்தாள். ஏன் குடிக்கவில்லை என்று கேட்பாள். எடைக்காக என்றால், எடை ஏன் ஏறிற்று என்று கேட்பாள். நூல் பிரிந்தால் கடைசி முனைவரைக்கும் பிரியும். "நல்லா குடிச்சேன் சார்" என்றான் கமலக்கண்ணன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இவர இப்போதைக்கு எடுக்க முடியாதும்மா. இவர் கிட்னியையே நாம பார்க்க வேண்டியிருக்கு. வேற சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க."

ஆரணி பஸ்ஸில் திலகவதி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வேலூர் தாண்டியதும் வெளியே பார்த்துக்கொண்டே, "அந்த அம்மா ரூம்புல இன்னா கேட்டாங்க?" என்றாள்.

"சும்மா. பயமா கீதான்னு கேட்டாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இல்லன்னேன்."

"டயாலிசிஸ்ல என் பக்கத்துப் பெட்டு சுபத்ரா சொல்லிகினு இருந்தாங்க" என்றாள் திலகவதி. "அவுங்க தம்பி குடுக்கறேன்னு வந்துட்டு, அந்த ரூம்புக்குப் போயி, முடியாதுன்னு சொல்லிட்டாராம். டாக்டரு வெளிய வந்து டெஸ்ட்டு ஒத்து வரலன்னாராம். ஆறு மாசம் கழிச்சித்தான் அவுங்களுக்கே தெரிஞ்சிதாம்."

கமலக்கண்ணனுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சீட்டில் அவள் பக்கம் திரும்பினான். "ஐயோ திலகா, நான் அப்பிடி சொல்லலம்மா! எங்க அப்பா மேல சத்தியமா சொல்லல!"

"நான் கோச்சிக்கலீங்க."

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினான். மாசியில் குடித்தது, பங்குனியில் குடித்தது, மூன்று நாள் முன்பு இரண்டு குவாட்டர் குடித்தது, காலண்டரில் அவள் எழுதிய எண்களில் பாதி பொய் என்பது, பட்டைக் காய வைக்கிற மாதிரி உடம்பைக் காய வைத்தது, அவள் கொடுத்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றியது. முன்சீட்டில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அவன் கவலைப்படவில்லை. இரண்டு மாதத்தில் அவன் அவளிடம் முழுதாகப் பேசிய முதல் உண்மை அது. சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாயிற்று.

திலகவதி முழுவதையும் கேட்டாள். "ரெண்டு நாளா தண்ணியே குடிக்கல?"

"ஆமா."

"வூட்ல கொடம் நெறைய தண்ணி வெச்சிகினு? இந்த வெயில்ல?"

"ஆமா திலகா."

அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. மூன்று வருடமாக அவளுக்கு வருகிற கனவு ஒன்றே ஒன்று: தெருக்குழாயில் வாயை வைத்துக் குடித்துக்கொண்டே இருப்பாள், யாரும் போதும் என்று சொல்ல மாட்டார்கள். புருஷன் பயந்தான் என்றால் அவளால் நம்ப முடியும். எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று இருக்கிற ஒருவன் தண்ணீரைக் கீழே ஊற்றினான் என்பதை அவளால் நம்ப முடியவில்லை.

"பொய் சொல்றதுன்னா நம்புற மாதிரி சொல்லுங்க" என்றாள். "குடிச்சீங்கன்னு வேற சொல்றீங்க. எனக்குத் தெரியாதா, நீங்க வுட்டு மூணு மாசம் ஆவுது. எதுக்கு இப்பிடி உங்க மேலயே பழிய போட்டுக்கறீங்க?"

"ஜெயவேலக் கேளு. இப்பவே போன் போடறேன்." அவன் கை போனைத் தேடியது. அவள் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்தாள்.

"அவரு உங்க ஃபிரண்டு. நீங்க சொல்லச் சொன்னதத்தான் சொல்லுவாரு. வுடுங்க. ஒடம்ப அறுத்துக் குடுக்கறது இன்னா சின்ன வேலையா? யாருக்குத்தான் பயம் இருக்காது. இனிமே நான் உங்களக் கேக்க மாட்டேன். நீங்களும் குடுக்கறேன்னு சொல்லாதீங்க. ஒருவாட்டி நம்பிட்டேன், இன்னொருவாட்டி என்னால முடியாது."

கண்ணமங்கலத்தில் பஸ் நின்றது. கமலக்கண்ணன் எழுந்துவிட்டான். "நான் திரும்பிப் போயி டாக்டர் கிட்ட நெஜத்தச் சொல்லிட்டு வரேன். ஒரு வாரத்துல மறுபடி டெஸ்ட்டு எடுக்கச் சொல்றேன்."

"உக்காருங்க" என்றாள் திலகவதி. அவன் நின்றுகொண்டே இருந்தான். கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் கிளம்பியது. அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை; இருந்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"வூட்டுக்குப் போயி வயிறாரச் சாப்புடுங்க. எனக்காகப் பட்டினி கெடந்தது போதும். வர்ற அமாவாசைக்கு ஜெயவேலு அண்ணன் ஷெட்டுக்கும் போயிட்டு வாங்க" என்றாள். "பாவம், மூணு மாசமா ஆசைய அடக்கிகினு கெடந்தீங்க."